கஞ்சாவும் நம்ம வயசு மூளையும்

மூன்றாமாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் பிரிவு



போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி நம் எல்லோருக்கும் ஏறக்குறைய மனப்பாடம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகளில் அதை எடுக்க வைத்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பாலிடெக்னிக் வந்த பிறகும் எடுத்தோம். வலது கையை நீட்டிக்கொண்டு, மைக்கில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம். நல்ல வெயில். முடிந்ததும் கலைந்தோம். என் பின்வரிசையில் நின்ற நண்பன், "கூடாது கூடாதுன்றாங்க, ஏன் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலையேடா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதத்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளே நான்தான். புத்தகத்திலும் போனிலும் தேடிப் படித்தேன். புரியாத இடங்களை எங்கள் தெருவில் நர்சிங் படிக்கும் அக்காவிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்த நண்பனின் பெயரை எழுத மாட்டேன். அவன் ஊர் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம். ஊரப்பாக்கத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். முதல் வருஷம் கணக்கில் எங்கள் எல்லோருக்கும் அவன்தான் வாத்தியார். இரண்டாம் வருஷம் பொட்டலம் பழக்கமானது. முதலில் சனிக்கிழமை மட்டும், பிறகு தினம் ராத்திரி. காலையில் எழுந்திருக்க மாட்டான். அவனுக்காக நான் ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்தேன். சில நாள் அட்டெண்டன்சில் 'எஸ் சார்' சொல்லவும் சொன்னேன். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டேன். இதை இங்கே எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஒருநாள் மெஷின் லேபில் டி.சி. ஷண்ட் மோட்டார் லோட் டெஸ்ட். ஸ்டார்ட் பண்ணும்போது ஃபீல்டு ரியோஸ்டாட் குறைந்த மின்தடையில் இருக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவனுக்கும் தெரியும். எங்களுக்கே சொல்லிக் கொடுத்தவன். அன்றைக்கு அதை அதிகபட்சத்தில் வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் தள்ளினான். ஃபீல்டு பலவீனமானால் ஷண்ட் மோட்டார் என்ன செய்யும்? வேகம் ஏறிக்கொண்டே போனது. மோட்டார் கத்த ஆரம்பித்தது. லேப் அசிஸ்டெண்ட் சார் ஓடிவந்து மெயினை அணைத்தார். யாருக்கும் அடியில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். பயம்கூட இல்லை, என்ன நடந்தது என்றே தெரியாத முகம். கடைசியாகப் புகைத்தது முந்தின நாள் ராத்திரி. காலையில் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தான். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அப்படியானால் ராத்திரி புகைத்தது காலை பத்து மணிக்கு எப்படி வேலை செய்யும்? என் தேடல் அங்கேதான் ஆரம்பித்தது.

மூளைக்குள் ஒரு ஃபீட்பேக் சர்க்யூட்

கஞ்சாவில் நூற்றுக்கணக்கான ரசாயனங்கள் இருக்கின்றன. போதையைத் தருவது முக்கியமாக ஒன்றுதான், டி.எச்.சி. 1964-ல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் ரஃபேல் மெக்கூலம், யெஹீல் காவோனி இருவரும் அதைத் தனியே பிரித்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அது மூளையில் எதைப் பிடிக்கிறது என்பது 1988-ல்தான் தெரிந்தது. நரம்பு செல்களின் மேல் அதற்கென்றே செய்ததுபோல் ஒரு ரிசெப்டர் இருக்கிறது. சாவிக்குப் பூட்டு மாதிரி. அதற்கு சி.பி.1 என்று பெயர்.

எங்கேயோ வளரும் ஒரு செடியின் சரக்குக்கு நம் தலைக்குள் பூட்டு எதற்கு? நம் உடம்பே அந்த மாதிரி சாவியைச் செய்கிறது, அதற்காகத்தான் பூட்டு. 1992-ல் மெக்கூலத்தின் ஆய்வுக்கூடத்தில் பன்றி மூளையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம்ம 'ஆனந்தம்'தான்! சமஸ்கிருதச் சொல்லைப் பார்த்து வைத்த பெயர். படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நம் பிரிவு மாணவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆம்ப்ளிஃபையரில் நெகட்டிவ் ஃபீட்பேக் எதற்கு? அவுட்புட் எல்லை மீறாமல், அதில் ஒரு பங்கை இன்புட்டுக்கே திருப்பி அனுப்பிக் கட்டுப்படுத்த. மூளையும் அதையேதான் செய்கிறது. ஒரு நரம்பு செல் சின்ன இடைவெளி தாண்டி அடுத்த செல்லுக்கு ரசாயனத் தகவல் அனுப்புகிறது. தகவல் மிஞ்சிப் போனால், வாங்குகிற செல் ஆனந்தமைடு மாதிரிப் பொருளை எதிர்த்திசையில் அனுப்பி, 'போதும், குறை' என்கிறது. அனுப்புகிற செல்லின் சி.பி.1 அதைக் கேட்டுக் குறைத்துக்கொள்கிறது. தேவையான இடத்தில், தேவையான நொடியில் மட்டும் நடக்கிற வேலை இது.

டி.எச்.சி. உள்ளே போனால் இடமும் இல்லை, நேரமும் இல்லை. எல்லா பூட்டிலும் ஒரே சமயத்தில் உட்கார்ந்துகொள்கிறது, மணிக்கணக்கில். யாரும் கேட்காமலே 'குறை, குறை' என்று சிக்னல். சி.பி.1 நெருக்கமாக இருக்கும் இடங்களைப் பாருங்கள். புதுசாகப் படித்ததை நினைவில் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், கை கால் அசைவைச் சீர்ப்படுத்தும் சிறுமூளை, யோசித்து முடிவெடுக்கும் முன்மூளை. படிப்பு, ஒர்க்‌ஷாப், ஒழுங்கு மூன்றும் அங்கேதான் இருக்கிறது.

டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கி, மெதுவாகத்தான் வெளியேறும். தினமும் புகைப்பவர் நிறுத்திய பிறகும் சிறுநீர்ப் பரிசோதனையில் வாரக்கணக்கில் காட்டிக் கொடுக்கும். கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படும் மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். தினமும் போதையில் ஊறிய மூளை, பூட்டுகளின் எண்ணிக்கையையே குறைத்துக்கொள்கிறது. ஆகவே போதை தெளிந்த பிறகும் நினைவும் கவனமும் மந்தமாகத்தான் இருக்கும். லேபில் அன்றைக்கு நடந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்பா சொன்ன கணக்கு

"சித்தருங்க, சாமியாருங்க இழுக்கலையா? அவங்க மூளை இன்னா கெட்டா போச்சு?" என்று அவன் கேட்பான். சித்த மருத்துவத்தில் கஞ்சா சேர்ந்த லேகியங்கள் இருப்பது உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்தில், 1893-94-ல், இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் என்று ஒன்று நாடு முழுக்கச் சுற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளில் 'காரணம்: கஞ்சா' என்று எழுதியிருந்ததில் நிறைய, சரியாக விசாரிக்காமல் எழுதியது என்று அந்தக் கமிஷனே கண்டுபிடித்தது. அளவோடு பயன்படுத்துபவருக்குப் பெரிய கேடில்லை, அளவு மீறினால் கேடு என்பது அதன் முடிவு.

இதை மறைக்க வேண்டியதில்லை. 'ஒரு தடவை இழுத்தால் பைத்தியம்' என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். ஒரு தடவை இழுத்தவன் மறுநாள் சாதாரணமாக டீக்கடையில் நிற்பதைப் பார்க்கிறோம். உடனே அந்த போஸ்டரில் இருந்த உண்மையையும் சேர்த்து நம்பாமல் விட்டுவிடுகிறோம்.

ஆனால் அந்தக் கமிஷன் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நாற்பது வயதுக்காரன் மூளையும் பதினாறு வயதுப் பையன் மூளையும் ஒன்றா? அதைப் பார்க்கக் கருவியே அன்றைக்குக் கிடையாது. 1999-ல் அமெரிக்காவில் ஜே கீட் என்ற டாக்டரின் குழு, ஒரே பிள்ளைகளைச் சில வருஷ இடைவெளியில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்து வெளியிட்டது. சின்னக் குழந்தையிலேயே மூளை முடிந்துவிடுகிறது என்றிருந்த எண்ணம் மாறியது. டீன் ஏஜ் முழுக்க வேலை நடக்கிறது. வேண்டாத இணைப்புகள் கழிக்கப்படுகின்றன. வேண்டிய நரம்புகளின் மேல் மைலின் என்ற உறை ஏறுகிறது. கேபிளுக்கு இன்சுலேஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தகவல் வேகமாகப் போகும். கடைசியாக முடிகிற பகுதி நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. அது முடிய ஏறக்குறைய 25 வயது ஆகும். எந்த இணைப்பு இருக்கட்டும், எது போகட்டும் என்று தீர்மானிக்கும் வேலையில் நான் மேலே சொன்ன ஆனந்தமைடு சர்க்யூட்டுக்கும் பங்கு உண்டு. வயரிங் நடக்கும்போது அந்தச் சர்க்யூட்டையே குழப்பினால்?

எங்க அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார். ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும், வண்டலூரிலிருந்து மறைமலை நகர் வரை நிற்கும் அடுக்குமாடிகளில் எத்தனைக்கு அவர் முட்டு கொடுத்தார் என்று அவருக்கே கணக்கில்லை. அவர் படிக்கவில்லை, கைநாட்டு. இந்த மூளை விஷயத்தை ஒருநாள் சாப்பிடும்போது அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ படிப்பு? கான்கிரீட்டு போட்ட மறுநாளே மேலே நின்னு பாரு, கல்லாட்டம்தான் இருக்கும். அதுக்காக முட்டை எடுத்துடுவியா? நாள் கணக்கு இருக்குது இல்ல. முன்னாடி பிரிச்சா அன்னிக்கே விழாது. தொங்கும், விரிசல் விடும். அப்புறம் நீ எத்தினி பூச்சு பூசினாலும் அந்த வளைவு போகாது" என்றார்.

சிவில் பிரிவு நண்பர்கள் 28 நாள் என்பார்கள். மூளைக்கு 25 வருஷம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எலிகளில் இது தெளிவாகவே தெரிகிறது. பருவ வயது எலிக்கு டி.எச்.சி. கொடுத்தால், அது வளர்ந்த பிறகும் நினைவுச் சோதனைகளில் தடுமாறுகிறது. வளர்ந்த எலிக்குக் கொடுத்தால் அந்த அளவு பாதிப்பு நிற்பதில்லை. மனிதரில் பெரிய உதாரணம் நியூசிலாந்தில் டுனெடின் என்ற ஊர். 1972-73-ல் அங்கே பிறந்த 1,037 குழந்தைகளை இன்றைக்கு வரைக்கும் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். யாரும் கஞ்சாவைத் தொடாத 13 வயதில் ஒரு ஐ.க்யூ. டெஸ்ட், 38 வயதில் ஒன்று. டீன் ஏஜில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் விடாமல் அடிமையாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 8 புள்ளி வரை குறைந்திருந்தது என்று 2012-ல் அறிவித்தார்கள். பெரியவர்களான பிறகு ஆரம்பித்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை.

இதற்கு மறுப்பும் வந்தது. அடுத்த வருஷமே நார்வே நாட்டுப் பொருளாதார ஆய்வாளர் ஒருவர், ஏழைக் குடும்பச் சூழ்நிலையே அந்த இறக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். 2016-ல் அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறந்தவருக்கும் ஐ.க்யூ.வில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 8 புள்ளி என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏழைக் குடும்பம் என்ற வாதத்தைப் படித்தபோது நான் நம்ம செட்டைத்தான் நினைத்தேன். சூழ்நிலையே நம்மைப் பாதி இழுத்துப் பிடிக்கிறது என்றால், மீதிப் பாதியை நாமே ஏன் கொடுக்க வேண்டும்? தினமும் புகைக்கும் காலத்தில் நினைவும் கவனமும் குறைகிறது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. நமக்கு அந்தக் காலம்தான் டிப்ளமோ. மூன்று வருஷம், ஆறு செமஸ்டர்.

பழகிப்போகிற கணக்கும் வயசைப் பார்க்கிறது. கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய 11 பேரில் ஒருவர் அடிமையாகிறார் என்றால், டீன் ஏஜில் தொட்டவர்களில் 6 பேரில் ஒருவர். ஒரு ரூமில் ஆறு பேர் என்றால் எந்த ஆள் என்று யாரும் முன்னாடியே சொல்ல முடியாது. சரக்கும் பழைய சரக்கு இல்லை. அமெரிக்காவில் பிடிபட்டவற்றைச் சோதித்ததில், 1995-ல் நூற்றுக்கு 4 பங்காக இருந்த டி.எச்.சி. 2014-ல் 12 பங்கு ஆகியிருந்தது.

"கஞ்சாவால செத்தவன் உண்டா?" என்பதும் அவன் கேட்ட கேள்விதான். மூச்சை இயக்கும் இடத்தில் சி.பி.1 மிகக் குறைவு. அதனால் ஹெராயின் மாதிரி அது மூச்சை நிறுத்திவிடாது. அவன் சொன்னது சரி. ஆனால் சாகாமல் இருப்பது மட்டும் போதுமா?

சத்தம் கேட்க ஆரம்பித்தபோது

நாலாவது செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் அவன் ரூமில் ஜன்னலைப் பேப்பர் ஒட்டி மூடினான். எதிர் மாடியில் இருப்பவர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். ஆளே குடிவராத புதுக் கட்டடம் அது. ரூம்மேட்டுகள் கிண்டல் செய்தார்கள். நானும்தான். ஒரு வாரம் தூங்கவே இல்லை. ஊரிலிருந்து அவன் அம்மா வந்து கூட்டிப்போனார். காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கொண்டுபோனார்கள். கயிறு கட்டினார்கள். அதிலேயே ஒரு மாதத்துக்கு மேல் போனது. அப்புறம்தான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு.

ஸ்வீடனில் 1969-70-ல் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது சுமார் 45,000 இளைஞர்களிடம் கஞ்சா பழக்கம் பற்றிக் கேட்டு எழுதி வைத்தார்கள். நம்ம வயசுப் பையன்கள். 15 வருஷம் கழித்துப் பார்த்தால், 50 தடவைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் 6 மடங்கு அதிகம் வந்திருந்தது. மற்ற காரணங்களைக் கழித்த பிறகு அந்த எண் குறைந்தது, ஆனால் மறையவில்லை. சாதாரணமாக அந்த நோய் நூறு பேரில் ஒருவருக்கு அல்லது அதைவிடக் குறைவாக வருவது. எனவே புகைப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரத்த உறவில் யாருக்காவது மனநோய் இருந்தால் ஆபத்து அதிகம். அவன் தாய்மாமா ஒருவர் இளவயதில் 'ஒருமாதிரி' ஆகி வீட்டை விட்டுப் போனவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. இதெல்லாம் நம் வீடுகளில் பேச மாட்டார்கள். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

போலீஸ், டாக்டர்

2024 ஆகஸ்ட் கடைசியில், நம்ம ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷனான பொத்தேரியில், மாணவர்கள் அதிகம் தங்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தாம்பரம் போலீசார் பெரும்படையோடு காலையிலேயே நுழைந்து வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். மாணவர்கள் சிலர் பிடிபட்டார்கள். டி.வி.யில் பார்த்துவிட்டு எங்க அம்மா அன்றைக்கு என் பையைத் துழாவினார். நான் கோபப்பட்டேன். இப்போது கோபம் இல்லை.

1985-ம் வருஷப் போதைப்பொருள் சட்டப்படி, ஒரு கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்தால் ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்ததற்கு ஆறு மாதம் வரை. பொட்டலத்தைக் கைமாற்றி விடுபவனை அந்தச் சட்டம் நண்பன் என்று பார்க்காது. ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், கொஞ்ச அளவு வைத்திருந்ததாகவோ புகைத்ததாகவோ குற்றம் இருந்தாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் முழு சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. இதைப் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. டாக்டரிடம் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று பயந்தே பாதிப்பேர் போவதில்லை. என் நண்பனும் அப்படிச் சொல்லித்தான் இரண்டு மாதம் தள்ளினான்.

போன் போட்டுப் பேசவும் வழி இருக்கிறது. போதை மறுவாழ்வுக்கு 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் காசில்லாமல் பேசலாம். சென்னை அடையாறில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் ஆரம்பித்த டி.டி.ரங்கநாதன் மருத்துவமனை இதற்கென்றே இருப்பது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருநூறு வருஷப் பழமையானது. அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பதை நாம் முதலில் விட வேண்டும்.

நிறுத்தினால் திரும்புமா என்பதுதான் அவன் அம்மா என்னிடம் கேட்டது. நிறைய திரும்பும். 2018-ல் அமெரிக்காவில் 16 முதல் 25 வயதுக்காரர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு மாதம் கஞ்சாவை நிறுத்தியவர்களுக்கு, புதிதாகக் கற்பதை நினைவில் வைக்கும் திறன் கூடியது. அதில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே கூடியது. குறைந்துபோன சி.பி.1 பூட்டுகளும் நாலு வாரத்தில் பெரும்பாலும் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடுவதை மூளை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் தூக்கம் வராது, எரிச்சல் வரும், சோறு இறங்காது. அப்போதுதான் பக்கத்தில் ஆள் வேண்டும். ரூமில் நாலு பேர் புகைக்கும்போது ஐந்தாவது ஆள் நிறுத்துவது நடக்காத காரியம். அவனை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாதான் சொன்னார். இரண்டு ரூம் வாடகை வீடு, ஏற்கெனவே ஐந்து பேர். கூடத்தில் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான்.

மாத்திரை சாப்பிடுகிறான். சத்தம் நின்றுவிட்டது என்கிறான். முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது. மூன்று அரியர் இருக்கிறது, அதில் மெஷின்ஸ் பேப்பரும் ஒன்று. முன்பு ஒரு தடவை பார்த்தால் போடுகிற கணக்கை இப்போது மூன்று தடவை எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக அவனுக்கு அவன்மேலேயே கோபம் வருகிறது. ரெக்கார்டு நோட்டை இந்த முறை அவனே எழுதுகிறான். மாத்திரையினால் கை லேசாக நடுங்குவதால் சர்க்யூட் படத்தில் கோடு நேராக வருவதில்லை. ஸ்கேலை நான் பிடித்துக்கொள்கிறேன், கோட்டை அவன் இழுக்கிறான்.